வாளி சார்

கூட்டம் எங்கே நடந்தாலும் நாற்காலிகளை நானே இழுத்துப் போடுவது என் பழக்கம். ஆள் வந்து போடட்டும் என்று காத்திருக்க மாட்டேன். கடைசி வரிசையில் உட்காருகிறவருக்கும் திரை தெரிய வேண்டும். வயதானவர்கள் மின்விசிறிக்குக் கீழே இருக்க வேண்டும். கதவோரம் நாலைந்து நாற்காலி காலியாக விட வேண்டும், தாமதமாக வருகிறவர்கள் கூச்சப்படாமல் உட்காருவதற்கு. மக்களுக்கு நடுவில் வேலை செய்கிறவனுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்றைக்கும் அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்காலிகளை நான்தான் போட்டேன். இந்த விசாரணையில் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நிதானமாகவே சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவருக்கும் அது வசதி.

தீயணைப்புத் துறையில் மறுசீரமைப்புப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. பிரிவு என்றால் நானும் ஓர் உதவியாளரும் ஒரு சின்ன அறையும், அவ்வளவுதான். ஊர் தெற்கே வளர்ந்துகொண்டே போனது. அங்கே தீயணைப்பு நிலையம் கிடையாது. புதிதாகக் கட்டப் பணமும் கிடையாது. ஆகவே ஊருக்குள் இருக்கும் பழைய நிலையங்களில் ஒன்றை மூடி, வண்டியையும் ஆட்களையும் தெற்கே அனுப்ப வேண்டும். இரண்டு நிலையங்கள் பேச்சில் அடிபட்டன. ஒன்று ஆற்றோரம் இருந்தது, மற்றது பழைய கடைத்தெருவில். இரண்டில் எதை மூடுவது என்று சொல்ல வேண்டியது நான்.

எங்கள் இயக்குநர் அம்மா கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "நீங்க எதச் சொல்றீங்களோ அதுல கையெழுத்துப் போட்டுடறேன். எனக்கு வேற தலைவலி ஆயிரம் இருக்கு."

நான் அந்த நம்பிக்கைக்குத் தகுந்தபடிதான் வேலை செய்தேன். கடைத்தெருவின் சந்துகள் எல்லாவற்றிலும் நடந்தேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். கீழே மரக்கடை, பெயின்ட் கடை, பஞ்சுக் கடை. மேலே தையற்கூடங்கள், அச்சகங்கள், ஆட்கள். அந்த நிலையத்தை மூடினால் தலைமை நிலையத்திலிருந்து வண்டி வர வேண்டும். நடுவில் ரயில்வே கேட். கேட் மூடியிருந்தால் வண்டியும் நிற்கும், தீ நிற்காது. ஆற்றோரத்தில் அந்தத் தொல்லை இல்லை. பக்கத்திலேயே இன்னொரு நிலையம் இருந்தது.

எனவே முடிவு செய்துவிட்டேன். ஆற்றோர நிலையத்தை மூடுவது, கடைத்தெரு நிலையம் இருப்பது, சந்துக்குள் நுழைகிற சின்ன வண்டி ஒன்றும் அதற்கு வாங்குவது. நீங்கள் கேட்டது இதைத்தானே. ஆமாம். கடைத்தெரு மக்களைக் கூப்பிட்டிருந்த அந்தக் கூட்டத்துக்குப் போவதற்கு முன்பே கடைத்தெரு நிலையத்தை மூடுவதில்லை என்று முடிவாகியிருந்தது. அந்த முடிவு என் மனசில் மட்டும் இருந்தது. என் மனைவிக்குத் தெரியும்.

கிளம்பும்போது அவள் சொன்னாள்: "நல்ல சேதிய மொதல்லயே சொல்லிடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

நான் சிரித்தேன். முதலில் சிக்கலைக் காட்ட வேண்டும், பிறகு வழிகளைக் காட்ட வேண்டும், கடைசியில்தான் முடிவு. மாற்றத்தை மக்களிடம் கொண்டுபோவதற்கு அதுதான் முறை. பயிற்சிக்கு வந்த மற்ற அதிகாரிகளுக்கு நானே அதைப் பாடமாக எடுத்திருக்கிறேன். முடிவைச் சொன்னதும் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்ததும் உண்மை. இத்தனை வருஷம் வேலை பார்த்தவன் ஒரு தடவை அதை எதிர்பார்த்தால் குற்றமில்லை.

கூட்டத்தில் நான் திரையில் காட்டிய மூன்றாவது படத்தில் ஊர் வரைபடம் இருந்தது. பரிசீலனையில் இருக்கும் இரண்டு நிலையங்களையும் சிவப்பு வட்டத்தில் காட்டியிருந்தேன். அதைப் பார்த்ததுமே முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். மரக்கடைக்காரர். தெருவில் எல்லாரும் அவரை அண்ணாச்சி, அண்ணாச்சி என்றார்கள். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"ஒரு நிமிஷம் சார். எங்க ஸ்டேஷனுக்கு எதுக்கு சிவப்பு வட்டம்?"

"அதுக்குத்தான் வர்றேன். கொஞ்சம் பொறுமையா..."

"வீடு பத்திக்கிட்டு எரியும்போது வந்து ஸ்லைடு போட்டுக் காட்டுவீங்களா?"

மண்டபம் சிரித்தது. நான் காத்திருந்தேன். எதிர்ப்பு வந்தால் குறுக்கிடக் கூடாது, அது தானாக ஓயும் வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் நான் எடுத்த பாடம்தான். அது ஓயவில்லை. ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். அப்போது அவர் சுவரோரம் போனார். தீ விபத்துக்காக அங்கே மாட்டியிருந்த சிவப்பு வாளியை எடுத்து வந்தார். என் தலைக்கு மேலே தூக்கி, செடிக்கு ஊற்றுகிற மாதிரி, அவசரமே இல்லாமல் ஊற்றினார்.

"ஸ்டேஷன் இல்லாத ஊர்ல இப்படித்தான் சார் அணைக்கணும்."

அழுக்குத் தண்ணீர். பல மாதம் யாரும் மாற்றாத தண்ணீர். கொசுப்புழு என் சட்டைப் பையில் நெளிந்தது. மடிக்கணினி அணைந்து திரை வெள்ளையானது. அந்த மண்டபத்தில் சிரிக்காத முகம் ஒன்றைத் தேடினேன். கடைத்தெரு நிலையத்து ஓட்டுநர் சீருடையில் கடைசி வரிசையில் இருந்தார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவருடைய வேலையைக் காப்பாற்றுகிற செய்தியோடு வந்தவன் நான்.

ஒரு பெண் மட்டும் எழுந்து வந்து துண்டு ஒன்றைக் கொடுத்தாள். மரக்கடைக்கு மேல் மாடியில் தையற்கூடம் நடத்துகிறவள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பயத்துல பண்றாங்க."

நன்றி சொல்லித் துடைத்துக்கொண்டேன். கணினியைப் பையில் வைத்தேன். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எவ்வளவு கண்ணியமாக நடந்துகொண்டேன் என்பதை யாரோ கைபேசியில் எடுத்த காணொளியிலேயே நீங்கள் பார்க்கலாம்; ஊரே பார்த்தது. அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'வாளி சார்' என்று பெயர் வந்தது. மின்தூக்கியில் நான் ஏறினால் பேச்சு நிற்கும். கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு அவளுடைய தோழிகளே அந்தக் காணொளியை அனுப்பினார்கள். அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"ஏம்ப்பா ஒண்ணுமே சொல்லாம நின்னீங்க?"

அந்த வாரமே அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டேன்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் மதிப்பெண் கொடுக்கும் முறை என்னுடையது. சந்துகளின் அகலத்துக்கு எவ்வளவு, மாடியில் வேலை செய்கிறவர்களுக்கு எவ்வளவு, வருஷத்துக்கு வரும் அழைப்புகளுக்கு எவ்வளவு என்று நான்தான் வைத்தேன். முன்பு சந்துக்கும் மாடிக்கும் அதிகம் வைத்திருந்தேன். இப்போது அழைப்புகளுக்கு அதிகம் வைத்தேன். கடைத்தெருவில் அழைப்புகள் குறைவு. நிலையம் கூப்பிடும் தூரத்தில் இருப்பதால் தீ பெரிதாவதற்குள் அணைந்துவிடும், பாதிக்கு மேல் பதிவே ஆகாது. அது எனக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது. ஓர் எண்ணைக்கூட நான் பொய்யாக எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த உண்மை முன்னால் நிற்க வேண்டும் என்பதை மட்டும் மாற்றினேன்.

உதவியாளர் பயந்து பயந்து கேட்டார்: "சார், ரயில்வே கேட் இருக்கே?"

"மேம்பாலம் வருது" என்றேன்.

நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த மேம்பாலம் வந்துகொண்டிருக்கிறது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இயக்குநர் அம்மா கையெழுத்துப் போட்டார்.

மூடுகிற வேலையைக் குறை சொல்ல முடியாதபடி செய்தேன். ஊழியர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். யாருக்கு எந்த நிலையம் வசதி என்று கேட்டு அதன்படி போட்டுக் கொடுத்தேன். சிரித்த ஓட்டுநரைத் தலைமை நிலையத்துக்குப் போட்டேன். கடைத்தெருவிலிருந்து தீ அழைப்பு வந்தால் அவர்தான் கேட்டைத் தாண்டி வர வேண்டும். கடைசி நாளில் எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். வண்டி கிளம்பும்போது தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் கத்தவில்லை. மரக்கடைக்காரர் தன் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகம் செத்திருந்தது. எனக்கு அதைப் பார்க்க வேண்டியிருந்தது, பார்த்தேன். அதோடு விட்டிருந்தால் இது ஒரு நிர்வாக முடிவு மட்டும்தான். நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

சில வாரம் கழித்து அந்தத் தையற்காரப் பெண் என் அறைக்கு வந்தாள்.

"என்னை ஞாபகம் இருக்கா சார்?"

"துண்டு கொடுத்தீங்களே. உக்காருங்கம்மா."

தேநீர் வரவழைத்தேன். அவள் பாதி நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.

"ஸ்டேஷன் போனது போயிடுச்சு சார், அதுக்காக வரல. எங்க மாடிக்குப் பின்பக்கம் ஒரு படிக்கட்டு இருக்கு. கட்டடத்துக்காரர் அதுல பலகையை அடுக்கிக் கதவையும் பூட்டி வெச்சிருக்கார். திருட்டு பயமாம். கேட்டா, பாக்கலாம்மா பாக்கலாம்மான்னே சொல்றார். முன்னாடி ஸ்டேஷன் பக்கத்துலயே இருந்துச்சு, நாங்களும் பெருசா எடுத்துக்கல. இப்ப பயமா இருக்கு. உங்க ஆபீஸ்லருந்து ஒருத்தர் வந்து ஒரு அதட்டு போட்டா திறந்துடுவார் சார்."

"மாடியில எத்தனை பேர் இருக்கீங்க?"

"பதினாலு பேர். என் தங்கச்சியும் இருக்கா."

"கட்டடம் யாருது?"

அவள் சங்கடத்தோடு சிரித்தாள். "அதான் சார், அன்னிக்குத் தண்ணி ஊத்தினாரே. அண்ணாச்சிதான். ஆளு மோசமில்ல சார், வாய்தான் கொஞ்சம் நீளம்."

ஆய்வாளர் ஒருவரை அனுப்புவதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். தொலைபேசி என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஆய்வாளர் போனால் படிக்கட்டோடு நிற்க மாட்டார். மரக்கடைக்குள்ளும் நுழைவார். தொங்குகிற ஒயர்களை மாற்றச் சொல்வார், மணல் வைக்கச் சொல்வார், அறுப்பு இயந்திரத்தைத் தனியே வைக்கச் சொல்வார். கடை பாதுகாப்பாகிவிடும். என் தலையில் சாக்கடைத் தண்ணீர் ஊற்றியவனை என் கையாலேயே காப்பாற்றுவதா? எனக்கு அதற்கு மனம் வரவில்லை. அந்தக் கடை எரிய வேண்டும், அவர் தெருவில் நிற்க வேண்டும், கையில் ஒரு வாளியோடு நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். கூட்டத்தன்றே அந்தக் காட்சி என் மனசில் வந்துவிட்டது. பல் துலக்கும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, மகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அது வரும்.

"ஆள் அனுப்புறோம்மா. இந்த மாற்றமெல்லாம் ஒரு நிலைக்கு வரட்டும்" என்றேன்.

"ரொம்ப நன்றி சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் யாரையும் அனுப்பவில்லை.

மாடியில் இருந்த பதினாலு பேரை நான் நினைக்கவில்லை என்று எழுத வேண்டாம். நினைத்தேன். தீ வந்தால் இரவில்தான் வரும், அப்போது மாடியில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். கடைத்தெருக்களில் தீ பெரும்பாலும் பகலில், வேலை நடக்கும்போதுதான் பிடிக்கிறது என்று துறையின் புள்ளிவிவரம் சொல்கிறது. அந்தப் புள்ளிவிவரத்தைத் தொகுத்தவன் நான்.

பகலில்தான் வந்தது. மதியச் சாப்பாடு முடிந்து இயந்திரத்தை ஓடவிட்டதும் ஒயரில் பொறி பறந்து மரத்தூளில் விழுந்தது. புகை முன்படி வழியாக ஏறியது. பின்கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் சாவியோடு ஓடினார், அடுக்கிய பலகைகளைத் தாண்ட முடியவில்லை, திரும்பி வந்து முன்படியிலேயே ஏறினார். மரக்கடைக்காரர்தான். மூன்று தடவை மேலே போய் ஒன்பது பேரை இழுத்துக்கொண்டு வந்தார். நாலாவது தடவை படிக்கட்டு இடிந்தது. தீயணைப்பு வண்டி ரயில்வே கேட்டில் நின்றது, சரக்கு ரயில்.

ஐந்து பேர். தையற்காரப் பெண் அதில் ஒருத்தி. அவள் தங்கை பிழைத்துக்கொண்டாள்.

தகவல் வந்ததும் நானும் போனேன். கூட்டத்தில் சிரித்த அந்த ஓட்டுநர் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"கேட்ல நின்னப்பவே புகை தெரிஞ்சுது சார். இறங்கிப்போய் கேட்மேன் கால்ல விழுந்தேன். ரயில் வந்துட்டுதான் இருக்கு. எங்க பழைய ஸ்டேஷன்லருந்துன்னா நடந்தே வந்திருப்போம் சார்."

அவர் வேறு பாதையை யோசித்திருக்க வேண்டும் என்று நான்தான் குறிப்பு அனுப்பினேன். அதன் பேரில்தான் அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். வேறு பாதை கிடையாது. அவர் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டேன்.

எனக்கு அப்போதும் நிம்மதி வரவில்லை. ஏன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். கடை எரிந்தது, அவர் தெருவில் நின்றார், எல்லாம் நடந்தது. ஆனால் ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. ஒன்பது உயிரைக் காப்பாற்றியவராம். சுவரொட்டி ஒட்டினார்கள். கதவைப் பூட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் தலையில் ஊற்றியபோதும் அவர்தான் நாயகன், இப்போதும் அவர்தான். எனக்கு மட்டும் அதே பெயர். மின்தூக்கியில் அதே அமைதி.

பிறகு ஒருநாள் அவரே வந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நுழைந்தார். பாதி ஆளாகியிருந்தார். தேநீர் வரவழைத்தேன். அவரால் டம்ளரைப் பிடிக்க முடியாது என்று அது மேஜைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். கவனித்த பிறகும் அங்கேயே இருக்கவிட்டேன்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன் சார்" என்றார். அந்தப் பெரிய குரல் போயிருந்தது. "சபையில ஒரு மனுஷன அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. கதவையும் நான்தான் பூட்டினேன். அந்தப் புள்ள எத்தனையோ தடவை சொல்லிச்சு, கேக்கல."

நான் மேஜை மேலிருந்த கோப்பு ஒன்றைப் பிரித்தேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும் சார். அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க? நாங்க பேச விடலியே. அதே யோசனையா இருக்கு எனக்கு."

ஒன்றுமில்லை, வழக்கமான பேச்சுதான், போய் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயும் திறந்தேன். அவர் குழந்தை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் நான் சொல்லப்போவதைக் கேட்கக் காத்திருந்தார்.

"ஸ்டேஷன மூடலன்னு சொல்ல வந்தேன்" என்றேன். "உங்க சந்துக்குள்ள வர்ற மாதிரி சின்ன வண்டி ஒண்ணு வாங்குறோம்னும் சொல்ல வந்தேன். அடுத்த படத்துலயே இருந்துச்சு. நீங்க வாளியை எடுத்துட்டீங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"அப்புறம் எதுக்கு சார் மூடினீங்க?"

"அந்தப் படம் தண்ணியில போயிடுச்சே."

நாற்காலி பக்கத்தில் இருந்தும் அவர் தரையில் உட்கார்ந்தார். அழுதார். கட்டுப்போட்ட கையால் முகத்தைத் துடைக்க முடியவில்லை. என்னிடம் கைக்குட்டை இருந்தது, கொடுக்கவில்லை. அழுது முடியும் வரை நான் ஒரு கோப்பைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வீட்டில் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். "இன்னிக்குத்தான் ஒழுங்கா சாப்பிடுறீங்க" என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள்.

அவர் நேரே உங்களிடம் வந்து, எல்லாம் தன்னால்தான், அந்த அதிகாரி நல்ல செய்தியோடுதான் வந்தார், தான்தான் கெடுத்தது என்று சொல்லியிருக்கிறார். பழியை இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிற பெருந்தன்மை. அந்த வாக்குமூலத்தைப் படித்ததிலிருந்து என் வயிறு எரிகிறது. அவர் செய்தது ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதும் ஒரு கதவைப் பூட்டியதும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் செய்தது. அதையும் அவர் பெயரில் எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் வரைவு அறிக்கையின் முடிவுரையில், நிலையங்களை மதிப்பிட்டதிலும் புகார்களைக் கையாண்டதிலும் இந்த அதிகாரி கவனக்குறைவாக இருந்தார் என்று ஒரு வரி இருக்கிறது. தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். எந்தச் சந்து எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியும். ரயில் எப்போது வரும், மாடியில் எத்தனை பேர், எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்பதும் தெரியும். தெரிந்தேதான் அந்தத் தொலைபேசியை எடுக்காமல் விட்டேன். என்னை எதற்கு வேண்டுமானாலும் தண்டியுங்கள். ஆனால் என் வேலையில் கவனக்குறைவு இருந்தது என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.